கோடு ஒரு கை, நிறம் இன்னொரு கை: திருகோணமலையும் கையால் வண்ணமிட்ட பழைய படங்களும்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளின் வரவேற்பறையில் சட்டம் போட்ட பழைய படம் ஒன்றாவது தொங்கும். ஓஸ்டன்பர்க் மேட்டிலிருந்து தெரியும் துறைமுகம். மழைக்குத் தாளிப்பனை ஓலையைத் தலைக்குமேல் பிடித்திருக்கும் மனிதன். செட்டை விரித்து நிற்கும் மீன். மங்கிய நீலம், காவி, அங்கங்கே கொஞ்சம் சிவப்பு. கீழே சாய்ந்த எழுத்தில் ஓர் ஆண்டு. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் இப்படித்தான் இருந்தது என்று இவற்றைக் காட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பாடசாலை மலர்களிலும் கோயில் மலர்களிலும் முகநூலிலும் அதே படங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, பெரும்பாலும் யார் வரைந்தது, எந்த நூலில் வந்தது என்ற விவரம் இல்லாமலே.

நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம். ஆனால் படம் முழுவதையும் ஒரே அளவில் நம்ப முடியாது. இந்தப் படங்களில் கோடு இழுத்தவர் ஒருவர், அதைச் செம்பில் வெட்டியவர் இன்னொருவர், நிறம் தீட்டியவர் பெயரே தெரியாத மூன்றாமவர். மூவரும் ஒரு நாட்டில் இருந்ததும் அபூர்வம். எந்தக் கை எதைக் கண்ணால் கண்டது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், லண்டன் மேசை ஒன்றில் கரைத்த சாயத்தை நாம் கோணமலைக் கடலின் நிறம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

வேலை நடந்த விதம் இது. வரைந்த படம் ஐரோப்பாவுக்குப் போனதும், செதுக்குவோர் அதைச் செப்புத் தகட்டில் வெட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்குவாடின்ட் என்ற முறை பரவியது: தகட்டின்மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தில் இட்டால், பொடி ஒட்டிய இடம் தப்பும், இடைவெளிகளை அமிலம் அரிக்கும். அதில் மை ஏற்றி அடித்தால் வானமும் நீரும் தூரிகையால் கழுவிவிட்டது போன்ற சாயலோடு வரும். 1790களின் கடைசியில் ஜேர்மனியில் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலையை இன்னும் மலிவாக்கியது. ஆனால் இவற்றில் வருவது பெரும்பாலும் கறுப்பு அல்லது மண்ணிறம் மட்டுமே. நிறத்தைத் தாள் தாளாகக் கையால்தான் தீட்ட வேண்டும்.

அதற்கென்று வேலைத்தலங்கள் இருந்தன. ஓவியரோ அவர் நம்பிய ஒருவரோ வண்ணமிட்ட மாதிரித் தாள் நடுவில் இருக்கும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள், பலர் பெண்களும் சிறுவர்களும், ஆளுக்கொரு நிறத்தைத் தீட்டி அடுத்தவரிடம் தள்ளுவார்கள். ஜேர்மனியின் வைமார் நகரில் பெர்டுக் என்பவர் 1790 முதல் 1830 வரை வெளியிட்ட சிறுவர் படநூல் இதற்குப் பெரிய உதாரணம்: 12 தொகுதிகள், 1185 தட்டுகள் (தகட்டிலிருந்து தனியே அச்சிட்டு நூலில் சேர்க்கும் படத் தாளைத்தான் தட்டு என்கிறோம்). விலங்கு, செடி, சிப்பி, தூர தேசத்து மனிதர்கள் எல்லாம் ஒரே நூலுக்குள். தூர தேசத்துப் படங்களில் பல பிறருடைய நூல்களைப் பார்த்து வரைந்தவை. வண்ணமிட்டவர்கள் அந்த விலங்கையோ மனிதரையோ வாழ்நாளில் காணாதவர்கள். இந்தத் தொழில் எவ்வளவு காலம் நீடித்தது என்பது வியப்பாக இருக்கும். 1787இல் தொடங்கிய கேர்ட்டிஸின் தாவரவியல் சஞ்சிகை 1948 வரை தன் தட்டுகளைக் கையால் வண்ணமிட்டே வெளியிட்டது. இங்கே சுதந்திரக் கொடி ஏறிய வருடம்வரை அங்கே யாரோ பூவிதழுக்குச் சிவப்புத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்!

சாயங்களுக்கும் தனிக் குணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லினில் கிடைத்த புருசிய நீலம் மலிவானது, கடலுக்கும் வானுக்கும் அதுதான். மஞ்சளுக்குக் கம்போடியாப் பக்கத்து மரமொன்றின் பிசின். நம் கொறுக்காய்ப்புளி மரத்தின் உறவு அது. இலைப்பச்சைக்கு நீலத்தையும் மஞ்சளையும் கலந்தார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் முதலில் மறையும், நீலம் தங்கும். பழைய தட்டில் தென்னோலை நீலம் பாரித்துத் தெரிந்தால் அது ஓவியரின் கற்பனையல்ல, நூறு வருட வெயிலின் வேலை. ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். இதை அறியாமல் பழைய படத்தின் நிறத்தை வைத்து வாதாடுவது வீண்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். இந்த ஊர் இவ்வளவு படங்களில் அகப்பட்டதற்குக் காரணம் துறைமுகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், 1795க்குப் பிறகு பிரித்தானியர் என்று ஆள்பவர் மாற மாற, கப்பலில் வந்தவர்களில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். கரை வரைவது கடற்படைக்குத் தொழில். எந்தக் குன்று எந்தத் திசையில் தெரியும் என்பது மாலுமிக்கு உயிர்ப் பிரச்சினை. அதனால் இந்த ஊரைக் காட்டும் படங்களில் நிலக்கோடு பொதுவாகச் சரியாக இருக்கும்.

சாமுவேல் டானியல் நல்ல உதாரணம். ஆபிரிக்காவின் காட்சிகளையும் விலங்குகளையும் வரைந்து பெயர் பெற்ற பின் இலங்கைக்கு வந்தவர். இவருடைய 12 தட்டுகள் கொண்ட இலங்கைத் தொகுப்பு 1808இல் லண்டனில் வெளிவந்தது. அதில் ஓஸ்டன்பர்க்கிலிருந்து பார்த்த துறைமுகக் காட்சி உண்டு. உட்துறைமுகத்தின் மடிப்பு, நீருக்குள் நீளும் காட்டு முனைகள், இவற்றை இன்றும் அடையாளம் காணலாம். ஆனால் படம் லண்டனில் அச்சேறியபோது டானியல் இலங்கையில் இருந்தார். 1811இல் இங்கேயே இறந்தும் போனார். விற்பனைக்குப் போன ஒவ்வொரு பிரதியின் வானத்தையும் தீட்டியவர்கள் வேறு ஆட்கள். இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் காலையும் மற்றதில் அந்தியும் தெரியலாம். கோடு அவருடையது, பொழுது அவருடையதல்ல.

அப்படியென்றால் நிறம் வெறும் ஒப்பனையா? இயற்கைப் படங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே நிறம்தான் சாட்சி.

சல்லியிலோ சாம்பல்தீவிலோ கரைவலை இழுபடும்போது நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மடி கரைக்கு வந்ததும் மீனின் மேல் ஓடும் பச்சையும் ஊதாவும், தராசுக்குப் போவதற்குள் சாம்பலாகிவிடும். சாராயத்தில் போட்டுக் கப்பலேற்றினால் லண்டன் போய்ச் சேரும்போது எல்லா மீனும் ஒரே மங்கல் நிறம். ஆகவே மீனை உயிரோடு, அல்லது செத்த உடனே, பக்கத்தில் வைத்துத் தீட்டிய படம் இல்லாவிட்டால் அதன் உண்மையான நிறம் அறிவியலுக்குக் கிடையாது. இலங்கையில் அரச சேவையிலிருந்த ஜோன் விட்சர்ச் பெனட் இதைத்தான் செய்தார். 1828இலிருந்து பகுதி பகுதியாக வந்த அவருடைய மீன் நூலில் 30 வண்ணத் தட்டுகள். தீவின் தென்பகுதியில், உயிருள்ள மீன்களைப் பார்த்து வரைந்தவை என்று தலைப்பிலேயே எழுதிவைத்தார். அதில் சில மீன்களுக்கு அவர் இட்ட அறிவியற் பெயர் இன்றும் நிற்கிறது. செட்டையை விசிறிபோல விரிக்கும் நச்சுமுள் மீன் அதில் ஒன்று, தெரோயிஸ் மைல்ஸ். புறாத்தீவின் பவளப் பாறைகளில் முகமூடி போட்டு மூழ்குபவர்கள் தேடிப் பார்ப்பது இந்தக் கூட்டத்து மீன்களைத்தான். இதே இனம் சுயெஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் புகுந்து அங்குள்ள மீனவர்களுக்குத் தலையிடியாகிவிட்டது. ஓர் இனத்தை முதலில் விவரித்துப் பெயரிட்டவரையும் ஆண்டையும் அறிவியற் பெயருக்குப் பின்னால் குறிப்பது வழக்கம், ஆகவே அங்கே அதைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களும் பெனட், 1828 என்று போடுகிறார்கள்.

இந்த விடயத்தில் திருகோணமலைக்கே உரிய கதை டொக்டர் எட்வேர்ட் பிரெட்ரிக் கெலார்ட்டுடையது. இலங்கையில் பிறந்த இராணுவ மருத்துவர்; 1852இல் தீவின் விலங்குகளைத் தொகுத்து எழுதியவர். முத்துச்சிப்பியைப் பற்றி ஆராய அரசு அவரை நியமித்தது, அந்த வேலையை அவர் செய்தது திருகோணமலையில். தம்பலகாமக் குடாவில் கிடைக்கும், வெளிச்சம் ஊடுருவும் தட்டையான சிப்பியைப் பற்றியும் எழுதினார். ஆனால் அவருடைய கண் வேறொன்றிலும் விழுந்தது. பாறை இடுக்குகளில் ஊரும், விரல் நீளம்கூட இல்லாத ஓடில்லாக் கடல் நத்தைகள். நாம் கால் வைத்து நடக்கும் கரையில் இப்படி நிறங்கள் கிடக்கின்றன என்று பெரும்பாலானோருக்கு இன்றும் தெரியாது: வெள்ளை உடலில் சிவப்பு விளிம்பு, கறுப்பில் மஞ்சள் வரி, பின்னால் பூப்போல விரியும் செவுள்.

இந்த உயிரைப் பாதுகாத்து வைக்க வழியில்லை. சாராயத்தில் இட்டால் சுருங்கி, நிறம் போய், எது எதுவென்று தெரியாத சதைத்துண்டாகிவிடும். கெலார்ட் 1858, 1859ஆம் ஆண்டுகளில் இவற்றின் விவரணைகளை வெளியிட்டார். ஆனால் சொற்கள் போதவில்லை. மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? விளிம்பு என்றால் எவ்வளவு அகலம்? 1860இல் கெலார்ட் கப்பற் பயணத்திலேயே இறந்துவிட்டார், கேட்டுத் தெளிய ஆளும் இல்லை. அவருடைய வண்ணப் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஹன்கொக் அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. சார்ல்ஸ் எலியட் அவற்றை எடுத்து ஆராய்ந்து 1906இல் கட்டுரை எழுதினார். எலியட் தொழிலால் இராஜதந்திரி. கிழக்கு ஆபிரிக்காவில் பிரித்தானிய ஆணையாளராக இருந்தவர். கடல் நத்தை அவருக்குப் பொழுதுபோக்கு, ஆனால் அந்தத் துறையின் முதல் வரிசை ஆள். விவரணையைப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் கெலார்ட்டின் இனங்கள் பலவற்றை அவரால் அடையாளம் காண முடிந்தது. கொனியோபிராங்கஸ் பிரெசியோசஸ், ஜிம்னோடொரிஸ் சிலோனிக்கா போன்ற பெயர்களை இன்றைய நூல்களில் காணும்போது அருகில் கெலார்ட், 1858 என்று இருக்கும். அச்சேறாத கைவண்ணப் படங்கள் அரை நூற்றாண்டு கழித்துச் சாட்சி சொன்ன கதை இது. என்னைக் கேட்டால், பிரெட்ரிக் கோட்டைக்குப் போகும் வழியில் வைக்கவேண்டிய அறிவிப்புப் பலகைகளில் ஒன்று இவருக்கு.

பறவைகளுக்கும் இதே வகைக் கதை உண்டு, இன்னும் நூறு வருடம் முந்தியது. 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், இங்கேயே பிறந்த பீற்றர் கோர்னேலிஸ் டி பெவேர் என்ற படவரைஞரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். டி பெவேர் நிலஅளவைத் துறையில் பயின்ற கை. லோட்டன் அந்தப் படங்களை ஐரோப்பாவுக்கு எடுத்துப்போய் நண்பர்களுக்குக் கொடுத்தார். பிரித்தானிய இயற்கையியலாளர் தோமஸ் பெனன்ட் அவற்றை வைத்து 1769இல் இந்திய விலங்கியல் பற்றிய நூலை வெளியிட்டார். கந்தளாய்க் குளத்தின் விளிம்பில் நிற்கும் சங்குவளை நாரை, கழுத்தை மட்டும் நீருக்குமேல் நீட்டும் பாம்புத்தாரா, இவற்றின் அறிவியற் பெயருக்குப் பின்னால் இருப்பது பெனன்ட், 1769. செம்முகப் பூங்குயில் என்ற, இலங்கையில் மட்டும் வாழும் பறவைக்கும் அதே ஆண்டு, அதே பெயர். டி பெவேரின் பெயரைக் காணோம்! பார்த்து வரைந்தவர் அவர், படத்தைப் பார்த்து எழுதியவருக்குப் பெயர். அவருடைய மூலப் படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் ஹார்லெம் நகரத்து டெய்லர்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த லெக் இன்னொரு வகை. பீரங்கிப் படை அதிகாரி, திருகோணமலையிலும் பணிபுரிந்தவர், இலங்கைப் பறவைகளின் வரலாற்றை 1880இல் நிறைவுசெய்தவர். அவருடைய எழுத்து களத்தில் கண்டது. படங்களோ கீலமன்ஸ் என்ற பறவை ஓவியர் லண்டனிலிருந்து, பதப்படுத்திய தோலைப் பார்த்துக் கல்லச்சுக்கு வரைந்தவை. இறகின் நிறம் செத்த பின்னும் பெரும்பாலும் தங்கும், ஆகவே அதை நம்பலாம். கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறம் தங்காது. அங்கே கீலமன்ஸ் லெக்கின் குறிப்பை நம்ப, நாம் இருவரையும் நம்ப வேண்டும். பட்டாம்பூச்சிகளைப் பற்றிப் பூச்சியியலாளர் மூர் 1880 முதல் 1887 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளுக்கு வரைந்தவர்கள் பேராதனைப் பூங்காவின் டி அல்விஸ் குடும்பத்தார். உள்ளூர்க் கலைஞர் பெயர் நூலோடு நிற்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று.

மனிதர்களை வரைந்த படங்களுக்கு வரும்போது இந்த நம்பிக்கையை அப்படியே கொண்டுவர முடியாது. மீனுக்கும் பறவைக்கும் நிறம் இனத்தைச் சொல்லும். மனிதனுக்கு நிறம் என்ன சொல்லும்? பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வெளியீட்டாளர்கள் இனத்தைத்தான் சொல்லும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு செடிக்குத் தட்டு, ஒரு சிப்பிக்குத் தட்டு, ஒரு சாதிக்குத் தட்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனெரா 1782இல் பாரிஸில் வெளியிட்ட பயணநூலின் 140 தட்டுகளில் சோழமண்டலக் கரையின் தொழிலாளர், தெய்வங்கள், செடிகள், பறவைகள் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்களும் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்காக, கணவன் மனைவி சோடியாக, கையில் தொழிற்கருவியோடு, காகிதத்திலும் அப்பிரகத் (மைக்கா) தகட்டிலும் வரைந்து விற்றார்கள். வாங்குபவர் கேட்டது அதுதான். கீழே ஒரு பெயர்: வண்ணான், மீன்பிடிப்பவன், பிராமணன். ஆளுக்குப் பெயரில்லை. வகைக்குத்தான் பெயர்.

அந்தச் சேலையின் சிவப்பை வைத்து அக்காலத்துப் பெண்கள் சிவப்புத்தான் உடுத்தார்கள் என்று எழுதுவது அபாயம். எல்லா உடலுக்கும் மாதிரித் தாளிலிருந்த ஒரே பழுப்புக் கலவை. சிவப்பு, பக்கத்திலுள்ள நீலத்துக்கு எடுப்பாக இருக்கவேண்டும் என்பதற்காகக்கூட வந்திருக்கலாம். உடையின் கட்டு, கொண்டையின் பக்கம், காதணியின் அளவு, கருவியின் வடிவம் ஆகியவை கோட்டின் வேலை. முதற் படம் நேரில் பார்த்து வரைந்ததாக இருந்தால் அவற்றுக்கு மதிப்புண்டு.

இதற்கு எதிர்ச்சான்று எசாயாஸ் பூர்ஸ். 1662ஆம் ஆண்டளவில் இலங்கையில் இருந்த ஒல்லாந்தர். அவருடைய வரைபுத்தகம் அம்ஸ்டர்டாம் றைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. பேனாவும், நீர் கலந்து தீற்றிய சாம்பல் நிற மையும்தான், வண்ணம் இல்லை. ஆனால் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகு வளைவு, வீட்டுத் தாழ்வாரம், சும்மா நிற்கும் ஆட்கள் எல்லாம் கண்டு வரைந்தவை என்று ஒரு பார்வையிலேயே தெரியும். வண்ணம் நிறைந்த பல தட்டுகளைவிட இந்தச் சாம்பல் படங்கள் எனக்குப் பெரிது.

எதிர்முனையில் றொபேர்ட் நொக்ஸின் நூல். கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம் 1660இல் பிடிபட்டு, பத்தொன்பது வருடங்களுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பியவர். மூதூரில் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று சொல்லப்பட்ட புளியமரம் அவர் நினைவாகத்தான். 1681இல் லண்டனில் வந்த அவருடைய நூலின் எழுத்து, அக்கால வாழ்க்கைக்கு ஒப்பற்ற சாட்சி. படங்கள் அப்படியல்ல. இலங்கையைக் காணாத செதுக்குநர், நொக்ஸ் சொன்னதை வைத்து உருவாக்கியவை. உடல்கள் ஐரோப்பிய ஓவியப் பயிற்சியிலிருந்து வந்தவை. உழுகிற முறையைச் சொல்லும் பத்தியை நம்புங்கள், உழுகிறவனின் முகத்தை அல்ல. அந்தத் தட்டுகள் நூலோடு வந்தபோது கறுப்பு வெள்ளை. இன்று தனித் தாளாகக் கிடைக்கும் வண்ணப் பிரதிகளின் நிறம் பிற்காலத்தது.

இந்தப் பிற்கால நிறம் ஒரு வியாபாரம். பழைய நூலைப் பிரித்து, தட்டுகளைத் தனித்தனியாக வெட்டி, வண்ணம் தீட்டி, சட்டம் போட்டு விற்பது நெடுங்காலமாக நடக்கிறது. 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்த பால்டேயஸின் நூல் இதில் அதிகம் அடிபட்டது. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்தவர், தமிழ் எழுத்துகளையே தட்டாக வெட்டிச் சேர்த்தவர். அவருடைய நூல்களும் பெரும்பாலும் வண்ணமின்றித்தான் விற்பனையாயின. வண்ணம் பழையதா என்று பார்க்கத் தாளைத் திருப்ப வேண்டும். பழைய செம்புப் பச்சை காலப்போக்கில் தாளை அரித்து, பச்சை இருந்த இடமெல்லாம் பின்புறம் மண்ணிறமாகத் தெரியும். பின்புறம் பளிச்சென்று இருந்து முன்புறம் இலைகள் செழிப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். மடிப்புத் தடத்துக்குள் சாயம் தேங்கியிருந்தால், நூல் மடிந்து பல காலம் கழித்துத்தான் தூரிகை பட்டிருக்கிறது. சட்டத்துக்குள் இருப்பதைத் திருப்ப முடியாதே என்றால், விற்பவரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பலர் வீட்டில் இருக்கக்கூடியது இவ்வளவு விலை போகாத ஒன்று: தபாலட்டை. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட்டே நிறுவனம் போன்றவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் காட்சிகளைத் தபாலட்டையாக விற்றன. வண்ண அட்டைகள் பல ஜேர்மனியில் அச்சானவை. அடியில் இருப்பது புகைப்படம். ஆகவே கோட்டில் சந்தேகப்பட வேண்டியதில்லை: இறங்குதுறையின் மரத்தூண்கள், வண்டியின் கூடாரம், கரையில் நிற்கும் தோணியின் அணியம் எல்லாம் உள்ளபடி. மேலே போட்ட நிறம் மட்டும் கறுப்பு வெள்ளை மூலத்தைப் பார்த்து ஊகித்தது. அப்படிப்பட்ட அட்டையைக் கணினியில் ஏற்றும்போது முன்புறத்தோடு பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து வையுங்கள். முத்திரையும் அஞ்சல் அடையாளமும் வெளியீட்டாளர் பெயரும் அங்கேதான் இருக்கும். ஆண்டைக் கணிக்க வேறு வழி அனேகமாகக் கிடையாது.